தொடங்கிய நூலை முடிப்பது எப்படி?

கதை எழுதும் மாணவி ஒருத்தியாவது இல்லாத வகுப்பு எங்கள் பாடசாலைகளில் இல்லை. கணிதக் கொப்பியின் பின்பக்கங்களிலோ, மூத்த சகோதரி பாவித்து மிச்சம் வைத்த சீ.ஆர். கொப்பியிலோ ஒரு நாவலின் முதல் அத்தியாயம் இருக்கும். தலைப்பு நிறப் பேனையால் அழகாக எழுதப்பட்டிருக்கும். கதாபாத்திரங்களின் பெயர்கள் பட்டியலாக இருக்கும். மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு வெற்றுத் தாள்கள்தான்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கிறேன். இரண்டு சிறுகதைத் தொகுதிகளும் ஒரு சிறுவர் நாவலும் வெளியிட்டிருக்கிறேன். தமிழ் இலக்கிய மன்றக் கூட்டங்களுக்குப் பேசப் போனால், "டீச்சர், எழுதத் தொடங்குவது எப்படி?" என்றுதான் அநேகமாகக் கேட்கிறார்கள். "முடிப்பது எப்படி?" என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால், நூல் என்பது முடிக்கப்பட்ட ஒன்றுக்குத்தான் பெயர். எவ்வளவு அழகாகத் தொடங்கினாலும், முடியாதது கொப்பியாகவே இருந்துவிடும்.

இது பொழுதுபோக்கு விடயம் மட்டுமல்ல. சாதாரண தரம், உயர்தரம், அதன்பின் தொழில், திருமணம், பிள்ளைகள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எங்கள் பெண்களின் பேனை நிற்கிறது. எங்கள் சமையலறையும், தையலும், மத்ரஸாவும், மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரின் வீடுகளும் அவற்றில் வாழ்ந்தவர்களாலேயே எழுதப்படாமல் போகின்றன. ஆகவே, எழுதுவோரை வழியில் நிறுத்தும் தடைகள் எவை, அவற்றைத் தாண்டுவது எப்படி என்று என் அனுபவத்திலும் வாசிப்பிலும் அறிந்ததை இங்கே சொல்கிறேன்.

முதல் தடை: "நேரம் இல்லை"

இது பொய்யான காரணம் அல்ல. பாடசாலை, மாலை வகுப்பு, வீட்டு வேலை, தொழுகை, படிப்பு எல்லாம் போக ஒரு மாணவிக்கு மிஞ்சுவது கொஞ்ச நேரமே. ஆனால், நூல் எழுதியவர்களில் அநேகர் நேரம் மிஞ்சியிருந்தவர்கள் அல்லர்.

இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் அசன்பேயுடைய கதை 1885இல் வெளிவந்தது. அதை எழுதிய கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை ஒரு சட்டத்தரணி. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையையும் நடத்திக்கொண்டிருந்தார். முஸ்லிம் பிள்ளைகளின், அதிலும் பெண்பிள்ளைகளின் கல்விக்காக ஓடித் திரிந்தார். இத்தனைக்கும் நடுவில்தான் அந்தக் கதையும் எழுதி முடிக்கப்பட்டது. எகிப்தின் நஜீப் மஹ்பூஸ் 1971இல் ஓய்வு பெறும் வரை அரசாங்க உத்தியோகத்தர். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் தனது கெய்ரோ நாவல் வரிசையை அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டேதான் எழுதினார். 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி ட்ரொலோப் தபால் திணைக்களத்தில் வேலை செய்தவர். அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்று எழுதி, அதன்பின்தான் வேலைக்குப் போவார். இப்படியே 47 நாவல்களை எழுதினார்.

நாங்கள் ட்ரொலோப் ஆக வேண்டியதில்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 150 சொற்கள். சீ.ஆர். கொப்பியில் ஏறத்தாழ ஒரு பக்கம். கிழமைக்கு ஐந்து நாட்கள் எழுதினால் 750 சொற்கள். வருடத்தின் 52 கிழமைகளில் பரீட்சைகளுக்கும், ரமழானுக்கும், பெருநாட்களுக்கும், சுகவீனத்துக்கும் என்று 12 கிழமைகளைக் கழித்துவிடுங்கள். மீதி 40 கிழமைகளில் 30,000 சொற்கள் சேர்ந்துவிடும். அது ஒரு குறுநாவலுக்குத் தாராளமாகப் போதும்.

நான் ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு இருபது நிமிடம் எழுதுகிறேன். உங்களுக்கு அது இஷாவுக்குப் பின்னராக இருக்கலாம். எந்த நேரம் என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு நாளும் அதே நேரமாக இருப்பதுதான் முக்கியம். "மனநிலை வந்தால் எழுதுவேன்" என்று இருப்பவர்களுக்கு மனநிலை மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். மேசையில் உட்கார்ந்தவளிடம் அது தானாக வந்து சேரும்.

இரண்டாவது தடை: முதல் அத்தியாயத்தை விட்டு நகராமை

என்னிடம் கதை காட்ட வந்த ஒரு மாணவியின் கொப்பியில் முதல் அத்தியாயம் ஐந்து தடவை எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கையெழுத்து இன்னும் அழகாகியிருந்தது. சில வசனங்களும் மெருகேறியிருந்தன. இரண்டாம் அத்தியாயம் இருக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தடை அதிகம். ஒற்றைப் பிழையும் இல்லாமல் எழுதிப் பழகியவர்களுக்குக் கரடுமுரடான ஒரு பக்கத்தைப் பின்னால் விட்டுவிட்டு முன்னே போக மனம் வராது.

எழுதுவதும் திருத்துவதும் இரண்டு வேலைகள். புடவையை வெட்டி ஒட்டுத்தையல் போடுவது ஒரு வேலை. பிறகு மெசினில் தைத்து, நூல் பிசிறுகளை நறுக்குவது இன்னொரு வேலை. கைப்பகுதியை வெட்டாமலே கழுத்துக்கு அலங்காரத் தையல் போட யாரும் உட்காருவதில்லை. நூலுக்கும் அப்படியே. முதலில் முழு உருவமும் வரட்டும்.

இதற்கு இப்னு கல்தூனைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஒரு கோட்டையில் அரசியல் சச்சரவுகளிலிருந்து ஒதுங்கி அவர் சில வருடங்கள் வாழ்ந்தார். உலகப் புகழ் பெற்ற முகத்திமாவின் முதல் வடிவத்தை அங்கே ஐந்தே மாதங்களில், 1377இல் எழுதி முடித்தார். பெரிய நூலகம் எதுவும் அருகில் இல்லை. "எல்லா நூல்களும் கைக்கு வந்த பிறகு எழுதுவோம்" என்று அவர் காத்திருக்கவில்லை. எழுதியதற்குப் பிறகுதான், சரிபார்க்கவும் தன் பெரிய வரலாற்றை விரிவாக்கவும் நூல்கள் தேவை என்று தூனிஸுக்குப் போனார். பின்னர் கெய்ரோவில் வாழ்ந்த காலத்திலும் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். முதலில் ஐந்து மாத எழுத்து. அதன்பின் பல வருடத் திருத்தம். இந்த ஒழுங்கை மாற்றினால் நூல் வராது.

ஆகவே, எழுதும்போது ஒரு திகதியோ பெயரோ தெரியாவிட்டால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். நேற்று எழுதியதில் கடைசி ஐந்து வரிகளை மட்டும் வாசித்துவிட்டு இன்றைய பக்கத்தைத் தொடங்குங்கள். அதற்கு முன்னால் உள்ளதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது தடை: நடுவழியில் நின்றுபோதல்

அநேகமான கொப்பிகள் நிற்கும் இடம் இதுதான். தொடக்கத்தில் உற்சாகம் இருக்கிறது. முடிவும் மங்கலாகத் தெரிகிறது. இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியவில்லை. பாத்திரங்கள் தேநீர் குடிக்கிறார்கள், கதைக்கிறார்கள், மழை பெய்கிறது, கதை நகரவில்லை.

ஒரு கற்பனைக் கதையை வைத்து விளக்குகிறேன். புத்தளத்தில் வாழும் ஒரு மாணவி. அவளுடைய உம்மும்மா மன்னார்த் தீவில் உள்ள எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது படகில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். பழைய வீட்டில் விட்டுவந்த ஒரு தையல் மெசினைப் பற்றி அவர் அடிக்கடி கதைக்கிறார். பேத்தி அந்த வீட்டைப் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறாள்.

நல்ல தொடக்கம். நான்கு அத்தியாயம் எழுதலாம். பிறகு? இப்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இவளுக்கு என்ன வேண்டும்? எது அல்லது யார் தடுக்கிறார்? இவள் போகாவிட்டால் என்ன இழப்பு?

முதல் இரண்டுக்கும் விடை இருக்கிறது. வீட்டைப் பார்க்க வேண்டும். வாப்பா, "அதெல்லாம் பழைய கதை, விடு" என்கிறார். மூன்றாவதற்கு விடை இல்லை. போகாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. அதனால்தான் கதை நிற்கிறது. இங்கே யோசித்தால் ஒரு வழி பிறக்கும். அந்த மெசின் உம்மும்மாவுடையதே அல்ல. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பெண், மகளின் கலியாணத்துக்கு உடுப்புத் தைத்துத் தரும்படி கொண்டுவந்து கொடுத்தது. புறப்பட வேண்டிய அவசரத்தில் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அது அமானிதம். உம்மும்மா இத்தனை வருடங்களாகச் சுமப்பது இழந்த பொருளின் கவலையை அல்ல. திருப்பிக் கொடுக்காத பொருளின் கவலையை. இது ஐந்தாம் அத்தியாயத்தில் பேத்திக்குத் தெரியவந்தால், அதன்பின் அவள் போவது ஆசைக்காக அல்ல, கடமைக்காக. உம்மும்மாவின் உடல்நிலையோ நாளுக்கு நாள் மோசமாகிறது. கதை இனித் தானாக ஓடும். வாப்பாவும் முன்பு போல மறுக்க முடியாது.

நடுவழியில் நின்ற நூலுக்குப் புதிய சம்பவங்களை அடுக்கத் தேவையில்லை. நாங்கள் ஏற்கெனவே வைத்த ஒரு பொருளின் உண்மையான பொறுப்பு என்ன என்று தேடினால் போதும். அதைக் கண்டதும் 12 அத்தியாயங்களுக்கும் ஒவ்வொரு வரியாக ஒரு பட்டியல் எழுதிக் கொப்பியின் உட்புற அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். "ஆறு: வாப்பா சம்மதிக்கிறார். ஏழு: மன்னார் பயணம். எட்டு: வீடு இருந்த இடத்தில் காடு" என்ற அளவில் போதும். பட்டியல் வழிகாட்டிதான், சட்டம் அல்ல. எழுதும்போது மாறினால் மாறட்டும்.

ஒரு சிறு உத்தி: அன்றைய எழுத்தை அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்தில், பாதி வசனத்தில் நிறுத்துங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் பேனை தயங்காது.

நான்காவது தடை: புதிய கதையின் ஆசை

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய கதை கடினமாகும் அதே கிழமையில்தான் அதைவிட அருமையான புதிய கதை ஒன்று மனதில் தோன்றும். அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரியில் குறித்துவிட்டு, பழைய கதைக்கே திரும்பி வாருங்கள். அது நல்ல கதையாக இருந்தால் காத்திருக்கும்.

ஐந்தாவது தடை: "மற்றவர்கள் என்ன சொல்வார்கள்?"

பெண்பிள்ளைகளின் பேனையை நிறுத்துவதில் இதுவே பெரியது. "கதையில் வரும் மாமி எங்கள் மாமி என்று நினைத்துவிடுவார்களோ?" "காதல் என்று ஒரு சொல் வந்தால் வாப்பா கோபிப்பாரோ?" "எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதினால் சிரிப்பார்களோ?" இப்படி எழுதுவதற்கு முன்னரே பத்துப் பேர் தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறார்கள்.

எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு என்று மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். கொப்பியில் எழுதிய எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்று கட்டாயமில்லை. திருத்தும்போது மாமியின் ஊரை மாற்றலாம், தொழிலை மாற்றலாம், இரண்டு மாமிமாரை ஒருவராக்கலாம். புறம் பேசுவதற்கும் கதை எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. புறம் ஒரு மனிதரைக் காட்டிக்கொடுக்கிறது; கதை ஒரு மனித இயல்பைக் காட்டுகிறது. அந்த எல்லை உங்களுக்குத் தெரிந்திருந்தால் அச்சம் பாதி குறையும்.

மொழியைப் பற்றியும் தயங்க வேண்டாம். உம்மாவும் ராத்தாவும் வீட்டில் கதைக்கும் தமிழில்தான் அவர்களுடைய உயிர் இருக்கிறது. கதை சொல்லும் வசனங்கள் பொதுத் தமிழில் இருக்கட்டும். பாத்திரங்கள் தங்கள் ஊர்த் தமிழில் கதைக்கட்டும்.

முதல் வாசகரையும் கவனமாகத் தெரிந்தெடுங்கள். பாதி எழுதிய கதையைப் பலருக்குக் காட்டினால் பல கருத்துகள் வரும். எழுதும் துணிவு போய்விடும். முழுவதும் எழுதிய பிறகு இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் நிறைய வாசிப்பவராகவும், மற்றவர் உங்களை நேசிப்பவராகவும் இருக்கட்டும். "நல்லாயிருக்கா?" என்று கேட்க வேண்டாம். "எந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தலாம் என்று தோன்றியது?" என்று கேளுங்கள். பயனுள்ள விடை அந்தக் கேள்விக்குத்தான் கிடைக்கும்.

எழுதியதைப் பாதுகாத்தல்

வடக்கிலிருந்து வந்தவர்கள் உடுத்த உடுப்போடு வந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிழக்குக் கரையோர வீடுகளில் சான்றிதழ்களும் புகைப்படங்களும் கொப்பிகளும் கடலோடு போயின. காகிதம் ஒரே ஒரு பிரதியாக இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எங்கள் சமூகத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கிழமை எழுதிய பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். ஐந்து நிமிட வேலை. கணினியில் எழுதுபவர்களும் இதையே செய்ய வேண்டும், கணினியும் பழுதாகும்.

எப்போது முடிந்தது என்று சொல்வது?

ஒருபோதும் முடியாதது போலத் தோன்றுவதும் ஒரு தடைதான். மூன்று சுற்றுத் திருத்தம் போதும் என்பது என் வழக்கம். முதல் சுற்றில் கதையை மட்டும் பார்ப்பேன்: எந்த அத்தியாயம் தேவையில்லை, எது விடுபட்டிருக்கிறது என்று. இரண்டாம் சுற்றில் வசனங்களைச் சத்தமாக வாசிப்பேன். நா தடக்கும் இடத்தில் வசனத்தை முறிப்பேன். மூன்றாம் சுற்றில் எழுத்துப் பிழைகள். அதன்பின் கையை எடுத்துவிடுவேன்.

உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல்களைக் கொண்டது. ஆயினும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு முழுவதையும் அது சொல்லி முடிக்கவில்லை. பின்னர் வந்த பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவைப் பாடி அந்த வரலாற்றைத் தொடர்ந்தார். ஒரு நூலில் எல்லாவற்றையும் அடக்க வேண்டியதில்லை என்பதற்கு எங்கள் இலக்கியத்திலேயே உள்ள சான்று இது. நாங்கள் விட்டதை இன்னொருவர் தொடரலாம். நாங்கள் எழுதியது முதலில் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும்.

அச்சுச் செலவை எண்ணி எழுதுவதை நிறுத்த வேண்டாம். அது அடுத்த கட்டம். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை நூல்களுக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணை வழங்குவதோடு, நூல் வெளியீட்டுக்கான உதவித் திட்டம் ஒன்றையும் நடத்துகிறது. ஆனால், அங்கே விண்ணப்பிக்கவும் முடிந்த கையெழுத்துப் பிரதி கையில் இருக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன ட்ரொலோப், தன் வீட்டில் வேலை செய்த ஒரு வயோதிபருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். வேலை இதுதான்: அதிகாலையில் அவரை எழுப்பிக் கோப்பி கொடுப்பது. தன்னுடைய வெற்றிக்கு வேறெவரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

உங்கள் மகள் கொப்பியும் கையுமாக இருக்கும் அந்த இருபது நிமிடத்தில், "படிக்கிற வேலையைப் பார்" என்று சொல்லாமல் இருங்கள். கடைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் நானாவையோ தம்பியையோ அனுப்புங்கள். கேட்காமல் கொப்பியைத் திறந்து வாசிக்காதீர்கள். அவள் தரும்போது வாசியுங்கள். எழுதும் பிள்ளை படிப்பில் பின்தங்குவாள் என்று அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் சொந்தமாக எழுதுபவள் கட்டுரை வினாவைக் கண்டு பயப்படுவதை என் வகுப்பில் நான் கண்டதில்லை.

மாணவிகளே, வருகிற தவணை விடுமுறையில் புதிய நூலைத் தொடங்க வேண்டாம். அலுமாரியில் உள்ள பழைய கொப்பியை எடுங்கள். முதல் அத்தியாயத்தை வாசிக்காமல், கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறங்கள். ஐந்து வரியை மட்டும் வாசியுங்கள். ஆறாவது வரியை எழுதுங்கள். நாற்பதாவது கிழமையில் உங்கள் கையில் இருப்பது கொப்பியாக இருக்காது, இன்ஷா அல்லாஹ்.